நோயுற்ற பிறகு கிடைத்த மன்னிப்பு

1954 ஜூலை 3. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பீபடி என்றொரு ஊர். அங்குள்ள சேலம் கன்ட்ரி கிளப் மைதானத்தில் நடந்த அமெரிக்கப் பெண்கள் ஓப்பன் கோல்ஃப் போட்டியை பேப் டிட்ரிக்சன் சஹாரியாஸ் வென்றார். நான்கு சுற்றுகள், 72 குழிகள், 291 அடிகள். யார் குறைந்த அடிகளில் பந்தைக் குழிகளில் சேர்க்கிறாரோ அவருக்கே வெற்றி என்பது கோல்ஃபின் கணக்கு. இரண்டாவதாக வந்த பெட்டி ஹிக்ஸுக்கு 303 அடிகள் ஆயின. இடைவெளி 12 அடிகள். ஓட்டப் பந்தயத்தில் மற்றவர்கள் கடைசி வளைவில் வந்துகொண்டிருக்கும்போதே ஒருத்தி கோட்டைத் தாண்டி நின்று மூச்சு வாங்குவதைப் போன்ற வெற்றி அது. கடைசி நாளன்று மட்டும் இரண்டு சுற்றுகள், 36 குழிகள் ஆட வேண்டியிருந்தது. நாள் முழுக்க நடை. அப்போது பேப்புக்கு வயது 43. மலக்குடல் புற்றுநோய்க்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு பதினைந்து மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை.

அன்றிலிருந்து இந்த வெற்றி ஒரே விதமாகத்தான் சொல்லப்பட்டு வருகிறது: புற்றுநோயை வென்று கோப்பையையும் வென்ற பெண். எங்கள் கல்லூரிப் பேச்சுப் போட்டியில் மாணவி ஒருத்தி இதே கதையை இதே வரிசையில் சொன்னாள். அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன். அந்தப் பெண் நன்றாகத்தான் பேசினாள். ஆனால் அந்தக் கதையோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. பேப் மீது வழக்கில்லை, கதையைச் சொன்ன மாணவி மீதும் இல்லை. 1954இல் எழுந்து நின்று கைதட்டிய கைகள் மீதுதான் என் வழக்கு. அதே பெண்ணின் உடல் முழு ஆரோக்கியத்தோடு இருந்தபோது அந்தக் கைகள் என்ன செய்தன? அந்த உடலைப் பார்த்துச் சிரித்துக் கட்டுரை எழுதின. ஒரு பெண்ணின் வலிமையை இந்த உலகம் அவள் நோயில் விழுந்த பிறகே மன்னிக்கிறது. பேப்பின் வாழ்க்கையில் நான் வாசித்த பாடம் இதுதான்.

கோல்ஃப் மீது எனக்குத் தனிப் பிரியம் எதுவும் இல்லை. நிலமும் நீரும் பணமும் உள்ளவர்களின் விளையாட்டு அது. நுழைவதற்கு உறுப்பினர் அட்டை வேண்டும், அட்டைக்குச் சிபாரிசு வேண்டும். நார்வேயிலிருந்து பிழைக்க வந்து டெக்சஸில் குடியேறிய ஒரு தச்சரின் மகள் அந்த வாசலைத் தாண்டினாள் என்பதால் மட்டுமே எனக்கு இந்த விளையாட்டில் அக்கறை வந்தது. அவள் அதைத் தாண்ட என்ன விலை கொடுத்தாள் என்று பார்ப்போம்.

1932 ஜூலையில் அமெரிக்கத் தேசியத் தடகளப் போட்டி இல்லினாய் மாநிலத்தின் எவன்ஸ்டனில் நடந்தது. ஒலிம்பிக் அணியைத் தேர்ந்தெடுக்கும் போட்டியும் அதுவே. டாலஸ் நகரக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்த 21 வயது மில்ட்ரெட் டிட்ரிக்சன் அந்த நிறுவனத்தின் அணியாக வந்தாள். அணி என்றால் அவள் ஒருத்திதான். ஒரே பிற்பகலில் எட்டுப் போட்டிகளில் இறங்கினாள். ஐந்தில் முதலிடம், உயரம் தாண்டுதலில் இன்னொருத்தியோடு சேர்ந்து முதலிடம். அவளுடைய ‘அணி’ 30 புள்ளிகள் பெற்றது. இரண்டாவது வந்த இல்லினாய் பெண்கள் தடகள மன்றம் 22 பேரோடு வந்து 22 புள்ளிகள் பெற்றது.

அடுத்த சில வாரங்களில் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக். அங்கே ஒரு பெண் மூன்று தனிநபர் போட்டிகளுக்கு மேல் கலந்துகொள்ளக் கூடாது என்று விதி. அவள் மூன்றில் இறங்கினாள். ஈட்டி எறிதலில் தங்கம், 80 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம். உயரம் தாண்டுதலில் ஜீன் ஷைலி தாண்டிய அதே உயரத்தை அவளும் தாண்டினாள். ஆனால் தலையை முன்னால் நீட்டித் தாண்டும் அவளுடைய பாணி முறையானதல்ல என்று நடுவர்கள் வெள்ளிதான் கொடுத்தார்கள்.

இப்படி ஓர் உடலைக் கண்டதும் பத்திரிகை உலகம் என்ன எழுதியது? வியக்காமல் இல்லை. வியந்துவிட்டு அடுத்த வரியில் கேலி செய்தது. நியூயார்க் பத்தி எழுத்தாளர் ஜோ வில்லியம்ஸ், இவளும் இவளைப் போன்றவர்களும் வீட்டில் இருந்து அலங்காரம் செய்துகொண்டு தொலைபேசி மணி அடிக்கக் காத்திருந்தால் நல்லது என்ற பொருள்பட எழுதினார். அன்றைய பெரும் விளையாட்டு எழுத்தாளர் பால் காலிகோ அவளுடைய தசைகளைக் கிண்டல் செய்தார். ஆண்களைக் கவரும் ஆட்டத்தில் மற்ற பெண்களோடு போட்டியிட முடியாததால்தான் இவள் விளையாட்டில் இறங்கினாள் என்ற தொனியில் எழுதினார். இவள் ஆணா பெண்ணா என்ற கேள்வி அச்சிலும் வந்தது, அரட்டையிலும் வந்தது. ஓடுகிற பெண்ணை நிறுத்த விதிப்புத்தகம் போதாதபோது இந்தக் கேள்வி வரும். பதில் தெரிந்துகொள்வதற்காக யாரும் அதைக் கேட்பதில்லை. கேள்வியே தண்டனை.

ஒலிம்பிக் முடிந்த சில மாதங்களில், கார் விளம்பரம் ஒன்றில் பெயர் வந்தது என்று தடகளச் சங்கம் அவளை இடைநீக்கம் செய்தது. மேடைக் கலைநிகழ்ச்சியில் மவுத் ஆர்கன் வாசித்தாள், ஆண்களின் பேஸ்பால் அணியோடு ஊர் ஊராகப் போய் ஆடினாள். குடும்பத்துக்குப் பணம் வேண்டியிருந்தது. பிறகு கோல்ஃபுக்கு வந்தாள். 1935இல் டெக்சஸ் மாநிலப் பெண்கள் போட்டியில் வென்றாள். லாரி ஓட்டுபவர்களின் மகள்கள் எங்கள் போட்டிக்கு வேண்டாம் என்று அங்கே ஒரு சீமாட்டி சொன்னதாக ஒரு கதை உண்டு. கதையை விடுங்கள், நடந்ததைப் பாருங்கள். வென்ற சிறிது நாளிலேயே, மற்ற விளையாட்டுகளில் பணம் வாங்கியவள் என்ற காரணம் காட்டி அமெரிக்க கோல்ஃப் சங்கம் அவளை அமெச்சூர் போட்டிகளிலிருந்து விலக்கியது. விளையாட்டின் நலனுக்காகவாம். வயிற்றுக்காக விளையாடியவள் அழுக்கு, பொழுதுபோக்குக்காக விளையாடுபவர் தூய்மை. இந்தத் தீட்டுக் கணக்கு நமக்குப் புரியாததல்ல.

அவள் அந்த வாசலை எப்படித் திறந்தாள்? விதிப்படி காத்திருந்து 1943இல் அமெச்சூர் தகுதியைத் திரும்பப் பெற்றாள். விதிப்புத்தகத்தில் இல்லாத இன்னொரு விலையும் இருந்தது. முடியை வளர்த்தாள், உதட்டுச் சாயம் பூசினாள், பாவாடையும் காலுறையும் அணிந்தாள். எப்படி உடுத்துவது என்று சொல்லித்தர பெர்த்தா போவன் என்ற வசதியான தோழி இருந்தார். 1938இல் ஜார்ஜ் சஹாரியாஸ் என்ற மல்யுத்த வீரரை மணந்துகொண்டாள். கணவன், சமையல், வீட்டுத் திரைச்சீலை என்று பேட்டிகளில் பேசினாள். 1947இல் ஸ்காட்லாந்தின் கல்லனில் பிரிட்டிஷ் பெண்கள் அமெச்சூர் பட்டத்தை வென்ற முதல் அமெரிக்கர் ஆனாள். அந்த ஆண்டு ‘லைஃப்’ இதழ் எதைத் தலைப்பாக்கியது தெரியுமா? இவள் இப்போது சீமாட்டி ஆகிவிட்டாள், நைலான் காலுறை அணியவும் ஆஜானுபாகுவான கணவனுக்குச் சமைக்கவும் கற்றுக்கொண்டாள் என்பதை.

இதற்காக நான் பேப்பைக் குறை சொல்ல மாட்டேன். பிழைப்பதற்காகப் போட்ட வேஷத்தைப் பிழை என்று சொல்லும் சௌகரியம் எனக்கில்லை. ஒன்றை மட்டும் குறித்துக்கொள்கிறேன். அவ்வளவு செய்தும் முழு மன்னிப்பு கிடைக்கவில்லை. கிடைத்தது நோய் வந்த பிறகு.

1953 ஏப்ரலில் அவருடைய சொந்த ஊரான பியூமான்டில், அவர் பெயராலேயே நடந்த போட்டியில் வென்றார். சில நாள்களில் நோய் என்ன என்று தெரிந்தது. மலக்குடலை வெட்டி எடுத்து, வயிற்றில் துளையிட்டு மலம் வெளியேற வழிசெய்தார்கள். கொலாஸ்டமி என்பது அதன் பெயர். இனிப் போட்டிகளில் ஆட முடியாது என்று மருத்துவர்கள் கருதினார்கள். மருத்துவமனை அறையின் மூலையில் அவருடைய கோல்ஃப் மட்டைகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ மூன்றரை மாதங்களில் சிகாகோ மைதானம் ஒன்றில் மறுபடி ஆட வந்துவிட்டார்.

புற்றுநோய் என்ற சொல்லைக் குடும்பத்துக்குள்ளேயே தாழ்ந்த குரலில் சொன்ன காலம் அது. பேப் அதை வெளிப்படையாகச் சொன்னார். நோயாளிகள் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். நிதி திரட்ட அவர் ஓடி ஓடி உழைத்தார். இது பெரிய காரியம். அந்த நோயைப் பற்றிய வெட்கத்தைக் குறைத்தவர்களில் அவருக்கு இடம் உண்டு. இதைக் குறைத்துச் சொல்ல நான் இந்தக் கட்டுரையை எழுதவில்லை.

ஆனால் வெற்றிக் கதையில் விட்டுப்போகும் ஓர் உண்மை இருக்கிறது. அறுவைச் சிகிச்சையின்போதே நோய் நிணநீர்க் கணுக்களில் பரவியிருப்பதை மருத்துவர்கள் கண்டார்கள். அதை அவருடைய கணவரிடம் சொன்னார்கள். தோழி பெட்டி டாடிடம் சொன்னார்கள். பேப்பிடம் சொல்லவில்லை. பீபடியில் அந்தக் கூட்டம் “நோயை வென்றவள்” என்று ஆர்ப்பரித்தபோது, தன் உடலுக்குள் இன்னும் என்ன இருக்கிறது என்பதை அறியாமல் அந்தப் பெண் மைதானத்தில் நடந்துகொண்டிருந்தார். நாடே அவருடைய உடலைப் பற்றிப் பேசியது. அந்த உடலைப் பற்றிய கடைசித் தகவல் அவரைத் தவிர மற்றவர்கள் கையில் இருந்தது.

அந்தக் காலத்தில் மருத்துவர்கள் அப்படித்தான், ஆண் நோயாளிக்கும் சொல்ல மாட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். சரி. ஆனால் இதை வாசிக்கும் தோழி, நம் ஊர் மருத்துவமனை வராந்தாவை நினைத்துப்பாருங்கள். என் உறவுக்காரப் பெண் ஒருவரோடு பரிசோதனை முடிவு வாங்கப் போயிருந்தேன். உறையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “கூட ஆம்பளைங்க யாரும் வரலையாம்மா?” எதிரே உட்கார்ந்திருந்தது அறுபது வயதுப் பெண், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. முடிவு அவருடைய ரத்தத்தைப் பற்றியது. 1953இன் டெக்சஸ் நமக்கு அவ்வளவு தூரமில்லை.

வெற்றிக் கதை மறைக்கும் இன்னொருவர் பெட்டி டாட். பேப்பைவிட ஏறத்தாழ இருபது வயது இளையவர், அவரும் தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரி. மருத்துவமனையில் பேப்பின் படுக்கைக்கு அருகே கட்டில் போட்டுப் படுத்தார். பிறகு அவர்களுடைய வீட்டிலேயே தங்கினார். கொலாஸ்டமி செய்தவருக்கு நாள்தோறும் குடலைக் கழுவிச் சுத்தம்செய்ய வேண்டும். நேரம் பிடிக்கும் வேலை அது, முகம் சுளிக்காமல் செய்ய வேண்டிய வேலை. அதில் உதவியவர் டாட். பேப்பை நேசித்ததாகப் பின்னாளில் அவரே சொன்னார். அந்த உறவுக்குப் பெயர் வைப்பதில் வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் சிலருக்குத் தயக்கம் இல்லை, எனக்கும் இல்லை. ஆனால் அதைவிட எனக்கு முக்கியமானது அந்த உழைப்பு. மன உறுதியால் எழுந்து நின்றாள் என்று எழுதுகிறவர்கள் இந்தப் பக்கம் வருவதேயில்லை. மன உறுதி குடலைக் கழுவாது. யாரோ ஒருவருடைய கைகள்தான் கழுவும். பெரும்பாலும் அவை ஒரு பெண்ணின் கைகள்.

பணத்தையும் பேசிவிடுவோம். 1954 பெண்கள் ஓப்பனில் முதல் பரிசு 2,000 டாலர். அதே ஆண்டு அதே சங்கம் நடத்திய ஆண்கள் ஓப்பனில் எட் ஃபர்கலுக்குக் கிடைத்தது 6,000 டாலர். வீரத்துக்கு நிகரில்லை என்று புகழ்ந்த தேசம் அந்த வீரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு விலைதான் வைத்திருந்தது. பேப் உள்ளிட்ட 13 பெண்கள் 1950இல் தங்களுக்கென்று தொழில்முறை கோல்ஃப் சங்கத்தைத் தொடங்கியது இந்தக் கணக்கை மாற்றத்தான். 1954இன் கதையைச் சொல்கிறவர்கள் கண்ணீரைச் சொல்கிறார்கள், கூலியைச் சொல்வதில்லை.

அவருடைய வாயையும் அப்படித்தான் அடைத்துவிட்டார்கள். பேப் அடக்கமானவர் இல்லை. உடைமாற்றும் அறைக்குள் நுழைந்து, இன்று இரண்டாவது வரப்போவது யார் என்று கேட்பாராம். இவ்வளவு தூரம் எப்படி அடிக்கிறீர்கள் என்று கேட்டவர்களிடம், இடுப்புக் கச்சையைத் தளர்த்திவிட்டு அடிக்கிறேன் என்று சிரித்தவர். சக ஆட்டக்காரிகளில் பலருக்கு அவரைப் பிடிக்காது. அதற்கு நியாயமான காரணங்களும் இருந்தன, அவர் மற்றவர்களை நோகடிக்கக் கூடியவர். ஆனால் நோய்க் கதையில் அவர் சாந்தமான தியாகியாக மாறிவிடுகிறார். தற்பெருமை பேசும் பெண்ணைச் சகிக்க முடியாதவர்களுக்கு, வலியைப் பொறுத்துக்கொள்ளும் பெண் மிகவும் வசதி.

“மேடம், நோயாளிகளுக்கு அது நம்பிக்கை தருதே, அதுல என்ன தப்பு?” என்று அந்தப் பேச்சுப் போட்டி மாணவி பிறகு என்னிடம் கேட்டாள். நல்ல கேள்வி. நம்பிக்கை தருவதில் தப்பில்லை. அந்தக் கதை நம்பிக்கையோடு நிற்பதில்லை, அடுத்த அடி வைக்கிறது. அவளால் முடிந்ததே, உன்னால் ஏன் முடியாது என்று கேட்கிறது. கர்ப்பப்பையை எடுத்த பத்தாம் நாள் அடுப்படியில் நிற்கும் பெண்ணை நம் வீடுகள் எப்படிப் புகழ்கின்றன? “வைராக்கியக்காரி, படுத்துக் கிடக்கலையே!” அந்தப் புகழ்ச்சி, படுத்துக் கிடக்க வேண்டிய அடுத்த பெண்ணுக்கான எச்சரிக்கை. பேப் மட்டையைத் தூக்கியது அது அவருடைய தொழில், ஆசை, பெருமை என்பதால். யாருக்கும் பாடம் நடத்துவதற்காக இல்லை.

இன்னொன்றையும் நான் சொல்லியாக வேண்டும். பீபடியில் திறந்த வாசலும் எல்லாருக்கும் திறக்கவில்லை. அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் தேசியப் பெண்கள் போட்டியில் ஒரு கருப்பினப் பெண், ஆன் கிரிகரி, முதன்முதலாக ஆடியது 1956 செப்டம்பரில். ஆண்களின் தொழில்முறைச் சங்கம் வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற விதியை 1961 வரை வைத்திருந்தது. வெள்ளையான தச்சர் மகளுக்குப் பாவாடையும் காலுறையும் பட்டமும் ஓரளவு வழி திறந்தன. தோலின் நிறத்தை மாற்ற முடியாதவர்களுக்கு எந்த வேஷமும் உதவவில்லை. பேப்பைக் கொண்டாடும் பெண்ணியம் இதை விழுங்கிவிட்டுக் கொண்டாடினால், அதுவும் ஒரு கிளப்பின் உறுப்பினர் அட்டைதான்.

1955இல் நோய் திரும்ப வந்தது. 1956 செப்டம்பர் 27 அன்று டெக்சஸின் கால்வெஸ்டனில் பேப் இறந்தார். வயது 45. அதிபர் ஐசன்ஹோவர் தம் பத்திரிகையாளர் சந்திப்பை அவருக்கு அஞ்சலி சொல்லித் தொடங்கினார். வென்றார் என்று எழுதிய செய்தித்தாள்களுக்கு இப்போது என்ன எழுதுவது என்ற சங்கடம். போராடித் தோற்றார் என்றார்கள். ஒரு பெண் சாவதைத் தோல்வி என்று எழுத வைப்பது எந்தக் கதை? நோயை ஆட்டமாகவும் நோயாளியை ஆட்டக்காரியாகவும் மாற்றிய அதே கதைதான். பேப் தோற்ற ஆட்டங்கள் உண்டு. இது அவற்றில் ஒன்றல்ல.

அந்த 12 அடி இடைவெளிக்கு நோயின் துணை தேவையில்லை. அறுவைச் சிகிச்சை நடக்காமலே இருந்திருந்தாலும் அது அபாரமான ஆட்டம். 1948இலும் 1950இலும் இதே பட்டத்தை வென்றவர் மூன்றாவது முறையாக வென்றார், அந்தத் திறமை பல ஆண்டு உழைப்பில் வந்தது என்று சொன்னால் போதும். அப்படிச் சொல்வது ஏன் கடினமாக இருக்கிறது? வலிமையாக இருக்கும் பெண்ணை அவள் வலிமைக்காகவே பாராட்டினால், அவள் எதையும் இழக்காமல் நம் முன் நிற்பாள். அந்தப் பெண்ணைக் கண்டுதான் பயம்.

பள்ளி மைதானங்களில் அவள் இப்போதும் நிற்கிறாள். குண்டெறியும் தோள்கள், ஆண்பிள்ளை போல நடக்கிறாள் என்ற கேலி, வெயிலில் கறுத்தால் யார் கட்டுவார்கள் என்ற வீட்டாரின் கவலை. ஒரு நாள் அவளுக்கு ஏதாவது நேர்ந்து, எழுந்து வந்தால் மாலை போட நாம் தயாராக இருப்போம். அதுவரை காத்திருக்க வேண்டாம். 1954இன் பேப்புக்குத் தட்டிய கைகளால், 1932இன் மில்ட்ரெட்டுக்கும் தட்டுங்கள். அவள் முழு உடலோடு, சத்தமாகத் தன்னைத் தானே புகழ்ந்துகொண்டு நிற்கும்போதே தட்டுங்கள்.